இரண்டாயிரம் மாணவியரும் எட்டு மாணவியரும்

1905ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில இதழில் 'சுல்தானாவின் கனவு' என்றொரு கதை வெளியாயிற்று. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹொசைன். பாகல்பூர் வட்டாரத்தில் திரைக்குப் பின்னே வாழ்ந்துவந்த ஒரு துணை மாஜிஸ்திரேட்டின் இளம் மனைவி. கதையில் வரும் நாட்டின்மீது பகைவர் படையெடுக்கின்றனர். ஆண்களின் படை தோற்றுப் பின்வாங்குகிறது. அரசி அறிவிற் சிறந்த பெண்களைக் கூட்டி ஆலோசிக்கிறார். பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்றின் தலைவி முன்வருகிறார். அவர் விதிக்கும் நிபந்தனை ஒன்றே: பெண்கள் வெளியே வருமுன் ஆண்கள் அந்தப்புரத்துக்குள் சென்றுவிட வேண்டும், பர்தாவைக் காக்கத்தான்! பிறகு தம் மாணவியர் இரண்டாயிரம் பேருடன் போர்க்களம் சென்று, திரட்டிவைத்த சூரிய வெப்பத்தைப் பகைவர்மீது பாய்ச்சுகிறார். நாடு தப்புகிறது. ஆண்கள் அடுக்களையிலேயே தங்கிவிடுகின்றனர்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1911 மார்ச் 16 அன்று, கல்கத்தாவின் வலியுல்லா சந்தில் 13ஆம் எண் வீட்டில், அக்கதையின் ஆசிரியரே ஒரு பெண்பள்ளியைத் திறந்தார். சேர்ந்த மாணவியர் எட்டுப் பேர்.

கற்பனைத் தலைவியின் இரண்டாயிரத்துக்கும் நிஜத் தலைவியின் எட்டுக்கும் இடையே உள்ள தொலைவே இப்பதிவின் பொருள். தேசம் கொந்தளித்துக்கொண்டிருந்த இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெண்பள்ளியை மூடாமல் நடத்துவது எத்தகைய அரசியல் செயல்? அதை அளக்க நம் வரலாற்றெழுத்தில் அளவுகோல் இருக்கிறதா?

ரொக்கேயா 1880இல், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் மாவட்டத்துப் பாய்ராபந்தில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தவர். அவ்வீட்டுப் பெண்களுக்கு வங்காளமும் ஆங்கிலமும் விலக்கப்பட்டிருந்தன. அண்ணன் இப்ராஹிம் சாபர் இரவில் வீடு உறங்கியபின் கற்றுக்கொடுத்த ஆங்கிலமும், அக்கா கரீமுன்னிசாவின் துணையோடு வளர்ந்த வங்காளமுமே அவருடைய கல்வி. மாணவியாக அவர் எந்தப் பள்ளியிலும் கால்வைத்ததில்லை. கணவர் சையத் சகாவத் ஹொசைன் 1909 மே மாதம் காலமானார். பெண்கல்விக்கென்று 10,000 ரூபாய் ஒதுக்கிவைத்திருந்தார். அவ்வாண்டு அக்டோபரில், பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி தொடங்கியது. சொத்துத் தொடர்பான குடும்பப் பூசலால் அங்கே நிலைக்க முடியாமல் கல்கத்தா வந்து, கணவர் பெயரிலேயே 'சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி'யை மறுபடியும் தொடங்கினார். பள்ளிக்கே போகாத ஒருவர், நகரத்தின் பிற பெண்பள்ளிகளுக்குச் சென்று, வகுப்பு எவ்வாறு நடத்தப்படுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தலைமையாசிரியரானார்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1905இல் கர்சன் செய்த வங்கப் பிரிவினை 1911 மார்ச்சில் இன்னும் நடைமுறையில் இருந்தது. சுதேசி இயக்கத்தின் அலைகள் முற்றும் அடங்கியிருக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் தில்லி தர்பாரில் பிரிவினை ரத்தாயிற்று. தலைநகரமும் கல்கத்தாவை விட்டுத் தில்லிக்குப் போயிற்று. கிழக்கு வங்க முஸ்லிம் உயர்குடியினர் பலர் தாங்கள் கைவிடப்பட்டதாகக் கருதிய காலம் அது. அடையாளம் அச்சத்துக்குள்ளாகும்போது எந்தச் சமூகமும் முதலில் இறுக்கிப் பூட்டுவது தன் பெண்களின் கதவைத்தான். அந்தக் கதவுகளைத்தான் ரொக்கேயா வீடு வீடாகச் சென்று தட்டினார். பர்தா குலையாது என்னும் வாக்குறுதியே அவர் கையிலிருந்த திறவுகோல்.

அந்த வாக்குறுதியின் விலை என்ன என்பதைப் பள்ளி வண்டியின் கதை காட்டும். 1931இல் நூலான 'அபரோத்பாசினி' பர்தாவின் கொடுமைகளை 47 சிறு நிகழ்வுகளாகத் தொகுப்பது. வண்டியின் கதை அதில்தான் இடம்பெறுகிறது. மாணவியரை வீட்டிலிருந்து அழைத்துவர ஏற்பாடான வண்டி, வெளியார் பார்வை படாதவாறு நாற்புறமும் அடைக்கப்பட்டிருந்தது. கல்கத்தாவின் வெக்கையில், இருளில், காற்றில்லாமல் சிறுமியர் மயங்கி விழுந்தனர், வாந்தியெடுத்தனர். அவ்வண்டியைப் பார்த்த ஒருவர், நகரும் இருட்டறை என்றாராம். 1756இன் கல்கத்தா இருட்டறைச் சம்பவத்தைப் பாடநூலில் படித்த எவருக்கும் அந்த ஏளனத்தின் கூர்மை விளங்கும். அடைப்பை எடுத்துவிட்டுத் திரைச்சீலை தொங்கவிட்டார்கள். காற்றில் திரை பறந்தது. உடனே, பர்தா குலைந்துவிட்டது, இதைச் சரிசெய்யாவிட்டால் பள்ளியை எதிர்த்துப் பத்திரிகைகளில் எழுதுவோம் என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஆங்கிலத்தில் வந்த ஒன்றின் கீழே, எழுதியவர் பெயருக்குப் பதிலாக 'இஸ்லாமியச் சகோதரன்' என்னும் பொருள்படக் கையொப்பம் இருந்தது.

அடைத்தால் குழந்தைகள் மயங்குவர்; திறந்தால் பள்ளியே மூடப்படும். ரொக்கேயா தம் பொதுவாழ்வின் பெரும்பகுதியை இவ்விரண்டுக்கும் நடுவில்தான் கழித்தார். 1904இல் 'நபநூர்' இதழில் வெளியான பெண்களின் தாழ்நிலை பற்றிய கட்டுரையில், சமய நூல்களின் பெயரால் பெண் அடக்கப்படுவதைக் கடுமையாகச் சாடியவர் அவர். அதே கட்டுரை 'மதிசூர்' தொகுப்பில் ஏறியபோது அப்பகுதி நீக்கப்பட்டிருந்தது. புர்க்கா அணிந்தே பொதுவெளிக்கு வந்தார். இவற்றைக் கண்டு, எழுத்தில் புரட்சி, நடைமுறையில் சமரசம் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் அவ்வாறு முடிவுகட்டுவோர் ஒன்றை மறக்கின்றனர். எழுத்தாளருக்கு ஒரு வாசகர் போதும். தலைமையாசிரியருக்கு நாளைக் காலையும் மாணவியர் வந்தாக வேண்டும். இரு பொறுப்புகளையும் ஒருவரே சுமந்ததால்தான், வண்டிக்குத் திரைபோட்ட கையே அத்திரையின் கொடுமையையும் எழுதிவைத்தது.

மொழிச் சிக்கலும் இத்தகையதே. கல்கத்தாவின் உயர்குடி முஸ்லிம்கள் உருதுவையே தம் மொழியாகக் கொண்டனர்; பள்ளியும் உருதுவிலேயே நடந்தது. ரொக்கேயாவோ வங்காளத்தில் எழுதுபவர். வங்க முஸ்லிம்களின் தாய்மொழி வங்காளமே என்னும் உறுதியுடையவர். வங்காளப் பிரிவு ஒன்றைத் திறந்தும் பார்த்தார். மாணவியர் போதாமல் அதை மூடவேண்டியதாயிற்று. தம் மொழியில் தம் பள்ளியை நடத்த இயலாத தலைவர் அவர்.

ஆசிரியைகளுக்கும் பஞ்சம். தகுதியுள்ள பெண்கள் நகரத்தில் கிடைக்காததால் கயா, ஆக்ரா முதலிய இடங்களிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரவழைத்தார். அவர் கதையை முதலில் அச்சேற்றிய நகரமே அவர் பள்ளிக்கு ஆசிரியைகளையும் அனுப்பியது என்பது, நம் பெண்கல்வி வரலாறுகளில் பின்தொடரப்பட வேண்டிய இழை. 1919இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை அரசு அமைத்ததில் அவரது இடைவிடாத வற்புறுத்தலுக்குப் பங்குண்டு. பாடத்திட்டத்தில் குர்ஆன் ஓதுதலோடு விளக்கவுரை, வங்காளம், ஆங்கிலம், உருது, பாரசீகம் ஆகியன இருந்தன. முதலுதவி, நோயாளர் பராமரிப்பு, சமையல், தையல், உடற்பயிற்சி, இசையும் இருந்தன. பெற்றோர் மறுக்க முடியாதவற்றின் நிழலில் அவர்கள் விரும்பாதவற்றையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்த பட்டியலாக இதை வாசிக்கலாம்.

இனி, தேசியம். 1920–22இல் ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் இணைந்து எழுந்தன. அரசுப் பள்ளிகளையும் அரசு மானியம் பெறும் பள்ளிகளையும் விட்டு வெளியேறுங்கள் என்பது அன்றைய அறைகூவல். ரொக்கேயாவின் பள்ளியோ அரசு மானியத்தைப் பெற்றுவந்தது. தேசபக்தியின் நேர்க்கோட்டு அளவுகோலில் அது தவறான பக்கத்தில் நிற்கும் நிறுவனம். ஆனால் அந்த அறைகூவல் யாரை நோக்கியது என்று கேட்டாக வேண்டும். வெளியேறுவதற்கு முதலில் உள்ளே இருந்திருக்க வேண்டும். பள்ளிக்குள் நுழையவே அனுமதிக்கப்படாத ஒரு சிறுமி எதைப் புறக்கணிப்பாள்? புறக்கணிப்பு என்னும் வீரச்செயல், ஏற்கெனவே கல்வி பெற்றோரின் உரிமையாக இருந்தது. அதே செயலை ரொக்கேயா செய்திருந்தால், மாணவியர் மறுநாளே வந்த வீட்டுக்கே திரும்பியிருப்பர். கதவு மறுபடி சாத்தப்பட்டிருக்கும்.

அவர் இயக்கத்துக்கு எதிரானவர் அல்லர் என்பதற்கு அவருடைய எழுத்தே சான்று. 'மதிசூர்' இரண்டாம் தொகுதியில் உள்ள 'முக்திபல்' என்னும் உருவகக் கதையில், சாபத்தால் நோயுற்றுக் கிடக்கும் ஏழைத்தாய்க்கு விடுதலைக் கனியைக் கொண்டுவரப் புதல்வர்கள் முயல்கின்றனர். வாதிடுகின்றனர், பிளவுபடுகின்றனர், வெறுங்கையோடு நிற்கின்றனர். புதல்வியரும் உடன் சேராதவரை அக்கனி எட்டாது என்பதே கதையின் உட்பொருள். காங்கிரஸ் அரசியலை அறிந்த எவருக்கும் அக்கதையின் இலக்கு புரியும். தேசத்திடம் அவர் சொன்னது இதுதான்: பெண்களின் கல்வி விடுதலைக்குப் பிறகு கிடைக்கவேண்டிய பரிசன்று, விடுதலைக்கான முன்நிபந்தனை.

1924இல் வெளியான 'பத்மராகம்' நாவலில் தாரிணி பவனம் என்றொரு நிறுவனம் வருகிறது. பள்ளியும் தொழிற்கூடமும் ஆதரவற்றோர் இல்லமும் சேர்ந்த அவ்விடத்தில் இந்து, முஸ்லிம், பிரம்மோ, கிறிஸ்தவப் பெண்கள் ஒன்றாக வாழ்ந்து பணியாற்றுகின்றனர். இரண்டே ஆண்டுகளில், 1926 ஏப்ரலில், மசூதிமுன் வாத்தியம் இசைத்த பூசலிலிருந்து மூண்ட கலவரம் கல்கத்தாவின் தெருக்களைக் குருதியால் நனைத்தது. சித்தரஞ்சன் தாஸ் முந்தைய ஆண்டே மறைந்திருந்தார். அவர் 1923இல் வகுத்த இந்து–முஸ்லிம் ஒப்பந்தமும் சிதைந்துபோயிற்று. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: தாரிணி பவனம் எல்லாருக்குமானது, சகாவத் பள்ளி முஸ்லிம் சிறுமியருக்கானது, அதிலும் பெரும்பாலும் உயர்குடியினருக்கானது. ரங்பூர் உழவரின் வறுமையைப் பற்றி உருகி எழுதிய ரொக்கேயாவின் பள்ளிக்கு உழவர் மகள் வந்து சேரவில்லை. அந்த எல்லையை அவருடைய சாதனையோடு சேர்த்தே பதிவுசெய்வது ஆய்வாளரின் கடமை.

முடிவாக 1932. அவ்வாண்டு செப்டம்பரில், சிட்டகாங்கில், பிரீதிலதா வத்தேதார் பஹார்தலி ஐரோப்பியர் சங்கத்தின் மீதான தாக்குதலுக்குத் தலைமையேற்று, பிடிபடாமலிருக்க நஞ்சருந்தி உயிர்நீத்தார், வயது 21. கல்கத்தா பெதூன் கல்லூரியில் படித்தவர். அவருக்குரிய பட்டத்தை நிறுத்திவைத்த கல்கத்தாப் பல்கலைக்கழகம், 2012இல்தான் அதை அவர் பெயரால் வழங்கியது. தலைமறைவாகுமுன் அவர் வகித்த பதவி, சிட்டகாங் நந்தன்கானன் பெண்பள்ளியின் தலைமையாசிரியர். ஏறத்தாழ இரண்டரை மாதம் கழித்து, டிசம்பர் 9ஆம் நாள் அதிகாலையில், கல்கத்தாவில் ரொக்கேயா காலமானார். அவர் மேசைமீது 'நாரீர் அதிகார்' என்னும் பெண்ணுரிமைக் கட்டுரை பாதி எழுதிய நிலையில் கிடந்தது.

ஒரே மாகாணம், ஒரே ஆண்டு, பெண்பள்ளித் தலைமையாசிரியர் இருவர். ஒருவர் பள்ளியை விட்டு வெளியேறிப் போராடினார். மற்றவர் பள்ளியை விடாமல் போராடினார். இருவரையும் தராசில் வைத்து எடைபோடுவது என் நோக்கமன்று. 1911இல் வலியுல்லா சந்து போன்ற இடங்களில் எவரெவரோ பொறுமையாகத் திறந்துவைத்த கதவுகள் இல்லாமல், 1930களில் துப்பாக்கி ஏந்தவும், சிறைசெல்லவும், அறிக்கை எழுதவும் படித்த பெண்கள் வங்கத்தில் உருவாகியிருக்க மாட்டார்கள். நம் தேசிய வரலாற்றில் முதல்வகைத் துணிவை எழுத நிறைந்த சொற்கள் உண்டு: தியாகம், வீரம், பலிதானம். இரண்டாம் வகைத் துணிவைச் சொல்ல நேரும்போது, சேவை, பொறுமை, சமரசம் என்று சொற்கள் சுருங்கிவிடுகின்றன. இந்தச் சொல் வறுமை தற்செயலானதன்று. நிகழ்ச்சிகளை எழுதப் பழகிய வரலாறு, நிறுவனங்களின் நாள்தோறுமான உழைப்பை எழுதப் பழகவில்லை.

பெண்கல்வி வரலாற்றில் ஆய்வு தொடங்கும் மாணவர்கள் தலைவர்களின் உரைகளைத் தேடுவதோடு நின்றுவிடாமல், பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, மானியக் கடிதம், வண்டிக் கணக்கு, பெற்றோரின் புகார் ஆகியவற்றையும் அரசியல் ஆவணங்களாக வாசிக்க வேண்டும். ஒரு வண்டியின் திரைச்சீலையில் சமயமும் சமூகமும் காலனியமும் தேசியமும் எவ்வாறு பின்னிக்கிடந்தன என்பதை அவைதாம் காட்டும். சகாவத் நினைவுப் பள்ளி இன்றும் கொல்கத்தாவின் லார்டு சின்ஹா சாலையில் அரசுப் பள்ளியாக நடந்துவருகிறது. கதையின் இரண்டாயிரம் மாணவியர் ஒரே நாளில் போரை வென்றனர். நிஜத்தின் எட்டு மாணவியர் தொடங்கிவைத்த பள்ளிக்கு நூற்றாண்டு கடந்தும் நாள்தோறும் மணி அடிக்கிறது.