நான்கெல்லைக்குள் ஒரு தரகர்

தமிழகத்தின் நில வரலாறு பல கோணங்களில் எழுதப்பட்டிருக்கிறது. மன்னர் அளித்த இறையிலி, கோயில் உடைமை, மிராசு, இரயத்துவாரி, குத்தகை விவசாயிகளின் போராட்டங்கள், நில உச்சவரம்பு என ஒவ்வொன்றுக்கும் நூல்கள் உண்டு. நிலத்தைக் கொடுத்தவனையும் உழுதவனையும் இழந்தவனையும் வரலாற்றாசிரியர்கள் கண்டுகொண்டார்கள். நிலம் கைமாறும் வேளையில் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே நிற்பவனை மட்டும் எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவனுக்கு நம் மொழியில் பழைய பெயர் உண்டு: தரகன். இன்றைய சிற்றூர்க் கடைத்தெருவில் அவர் 'ரியல் எஸ்டேட்' என்று பலகை மாட்டியிருக்கிறார். அந்தப் பலகையின் பின்னே ஆயிரம் ஆண்டு வரலாறு ஒன்று மறைந்திருப்பதாக எனக்குத் தோன்றுவதால் இக்கட்டுரை.

உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகளாக நிலத்தரகு செய்துவரும் முதியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயர் இங்கு வேண்டியதில்லை. அவருடைய தந்தை ஊர்த் தலையாரியாக இருந்தவர். கல்வெட்டுகளைக் காண மாணவர்களை அழைத்துச் செல்லும்போது ஏற்பட்ட பழக்கம், பின்னர் நீண்ட உரையாடல்களாக வளர்ந்தது. நூல்களில் நான் படித்திருந்ததை அவர் தம் தொழிலிலிருந்தே அறிந்து வைத்திருந்தார்.

'தரகு' என்ற சொல் இன்று நேற்று வந்ததன்று. பல்லவர் காலச் செப்பேடுகளின் வரிப்பட்டியலிலேயே அது காணப்படுகிறது. தரகு ஒரு தொழிலாக நிலைபெற்று, அரசு அதன்மேல் வரி விதிக்குமளவு வருவாயும் தந்திருக்கிறது என்பதே இதன் பொருள். சோழர் காலத்தில் நிலவிற்பனைக்கு விரிவான நடைமுறை இருந்தது. விலையாவணம் எழுதப்பட்டது. நிலத்தின் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு எல்லைகள் வரிசையாகக் குறிக்கப்பட்டன. நிலத்தோடு மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் சேர்த்தே விற்கப்படுவதாக வாசகம் அமைந்தது. இன்றைய கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லி, 'இதற்குட்பட்ட மரம், மட்டை, கிணறு, பாத்தியங்கள் சகிதம்' என்று பத்திர எழுத்தர் எழுதும்போது, அவரை அறியாமலே சோழர் காலத்து எழுதுகோல் அவர் கையில் இருக்கிறது.

உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றவை. அவற்றைப் பாராட்டி மேடைகளில் பேசுவோர், உறுப்பினருக்கான தகுதியின் முதல் வரியை விரைவாகக் கடந்துவிடுவார்கள். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும்; தன் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். நிலமும் மனையும் இல்லாதவன் பெயரைக் குடத்தில் இடும் ஓலையில் எழுத முடியாது. எங்கள் தரகரிடம் ஒருமுறை இதைப் படித்துக் காட்டினேன். "அப்பவும் மனை இல்லாதவன் மனுசன் இல்லன்னுதான் வெச்சிருக்கான், சார்" என்றார். அவரிடம் வந்து மனை கேட்போர் பெரும்பாலும் முதலீட்டாளர்கள் அல்லர். ஆலைத் தொழிலாளர், ஓட்டுநர், சத்துணவுப் பணியாளர். அவர்கள் தேடுவது சதுர அடியை அன்று, ஊரில் ஓர் இடத்தை. இதை அவர் சொன்னபோது கல்வெட்டின் அந்த வரி எனக்கு வேறாகப் பொருள்பட்டது.

ஆவணத்தின் வலிமைக்கு நம் இலக்கியத்தில் சான்று தேடினால் பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணமே முதலில் நினைவுக்கு வரும். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை முதிய அந்தணர் வடிவில் வந்து தடுக்கும் இறைவன், ஆளோலை ஒன்றை நீட்டுகிறார். சுந்தரர் அதைக் கிழித்தெறிகிறார். ஆனால் கிழிந்தது படியோலைதான். மூல ஓலை வேறு இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் அது காட்டப்பட்டு, பாட்டனாரின் கையெழுத்து வேறோர் ஓலையோடு ஒப்பிடப்பட்டு, வழக்கு முடிகிறது. பக்தி இலக்கியமாக இதைப் பாடம் நடத்தும்போது நாம் கவனிக்காத ஒன்றைத் தரகர் கவனித்தார். நகலை நம்பக்கூடாது, தாய்ப்பத்திரம் பார்க்கவேண்டும், கையெழுத்தை ஒத்துப்பார்க்கவேண்டும் என்னும் தொழில் விதிகள் மூன்றும் அங்கே இருக்கின்றன. கடவுளே வந்தாலும் ஆவணத்தோடுதான் வரவேண்டியிருந்தது!

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த உலகம் மாறியது. 1792இல் பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் தொடங்கிவைத்த முறையே பின்னர் இரயத்துவாரியாக வளர்ந்தது. அரசு நேரடியாக உழவனோடு கணக்கு வைத்துக்கொள்ள, ஒவ்வொரு வயலுக்கும் எண் வேண்டியிருந்தது. பதினாறு சாண் கோல் போய், அறுபத்தாறு அடிச் சங்கிலி வந்தது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரின் நூற்றில் ஒரு பங்கு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. இன்று எந்தக் கிராமத்துக் கிழவியும் சொல்லும் 'சென்ட்' அந்தச் சங்கிலியிலிருந்து விழுந்த துண்டு. 1864இல் பதிவுச் சட்டம் வந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே விற்கலாம் என்றது. இன்று நடைமுறையில் உள்ள பதிவுச் சட்டம் 1908ஆம் ஆண்டினது.

காகிதம் பெருகியதும் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவன் அதிகாரம் பெற்றான். பரம்பரைக் கர்ணம் ஊரின் நிலத்தைக் கணக்கில் வைத்திருந்தார். தலையாரியும் வெட்டியானும் அதைக் கால்களில் வைத்திருந்தார்கள். எந்தப் புளியமரத்தடியில் எல்லைக்கல் புதைந்திருக்கிறது, எந்த வரப்பு இரண்டு முழம் நகர்த்தப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். 1980 நவம்பரில் அன்றைய எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. சாதியோடும் குடும்பத்தோடும் பிணைந்திருந்த ஓர் அதிகாரத்தை அகற்றிய அச்செயல் சரியானதே. ஆயினும் பதவி ஒழிந்த அன்றே அவர்களிடமிருந்த நினைவு ஒழிந்துவிடவில்லை. அது வேலை தேடியது. மனைப்பிரிவுகள் பெருகத் தொடங்கியபோது அந்த நினைவு தரகாக மாறியது. எங்கள் தரகர் தொழிலுக்கு வந்த வழி இதுதான். "எங்கப்பா கல்லைக் காட்டினாரு, அரசாங்கம் கூலி குடுத்துச்சு. நான் அதே கல்லைக் காட்டுறேன், ரெண்டு பக்கமும் நூத்துக்கு ஒண்ணு" என்பார்.

தொண்ணூறுகளுக்குப் பிந்தைய காட்சி நாம் அனைவரும் கண்டதுதான். வயலில் வண்ணக் கொடிகள், சுண்ணாம்பு பூசிய கற்கள், பிள்ளையின் பெயரோ கடவுளின் பெயரோ தாங்கிய 'நகர்' வளைவு, மனை பார்க்க வருவோருக்கு இலவச வேனும் மதிய உணவும், தவணை அட்டை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இலேயே இயற்றப்பட்டிருந்தும், ஊராட்சித் தலைவரின் முத்திரை ஒன்றே போதுமென்று எண்ணற்ற மனைப்பிரிவுகள் விற்கப்பட்டன. உழுகுடி ஒன்று நிலத்தை இழந்து சிதறுவதைப் பெருமாள்முருகன் தம் முதல் நாவலான 'ஏறுவெயி'லில் (1991) எழுதினார். அந்தச் சிதறலை விற்றவர் பக்கத்திலிருந்து எவரேனும் எழுதலாம். அங்கும் துயரம் உண்டு. ஏரிப் பாசனத்து நஞ்சை இருபது ஏக்கரைத் தாமே மனைகளாக்கி விற்றதைச் சொல்லும்போது தரகர் குரல் தாழும். "வித்தவன் கடனை அடைச்சான், வாங்கினவன் வீடு கட்டினான், நானும் பொண்ணைக் கட்டிக்குடுத்தேன். யாரும் கெட்டுப்போகல. ஆனா அந்த மதகுக்கு இப்ப வேலை இல்ல." நியாயங்கள் அனைத்தும் சரியாக இருந்தும் ஏதோ ஒன்று தவறிவிட்டது என்ற உணர்வை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு அவர் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டார். மூன்றுக்கும் வரலாறு உண்டு.

முதலாவது, நீர்நிலை. ஏரி, குளம், வாய்க்கால், நீர்ப்பிடிப்பு எதையும் தொடுவதில்லை. உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் 2007இல் வந்தது. இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் நாம் எங்கே வந்து சேர்ந்தோம் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது.

இரண்டாவது, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை விளக்கி அனுப்பிய அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பின்னும் அம்மக்களுக்குள்ளேயே கைமாறலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது; நிலம் பல இடங்களில் பிறர் கைக்குப் போயிற்று. 1994 அக்டோபரில் மாமல்லபுரத்தை அடுத்த காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தின்போது செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். அந்நாளில் நம் தரகர் தொழிலுக்குப் புதியவர். "நான் கொடி பிடிக்கிறவன் இல்ல சார், தரகன். ஆனா அ-பதிவேட்டுல குறிப்பைப் பார்த்தா கும்பிட்டு எழுந்துருவேன்" என்கிறார். வருவாய்த்துறையின் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்க்காமல் அவர் முன்பணம் வாங்குவதில்லை. இதனால் கைநழுவிய வியாபாரங்கள் வேறு தரகர்கள் வழியே முடிந்ததும் உண்டு. அதை அவர் மறைப்பதில்லை. ஒருவர் விலகுவதால் அநீதி நின்றுவிடாது என்பது அவருக்குத் தெரியும். தம் கைவழியே அது நடக்கவில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. அது போதுமா என்று நான் அவரிடம் வாதிட்டிருக்கிறேன். வரலாற்றில் பெரும்பாலான மனிதர்களுக்கு வாய்த்த அறம் இந்த அளவினதே என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது விதி பெண்களைப் பற்றியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இலேயே சட்டமாக்கியது, அதற்கு முன்பே திருமணமான பெண்களை மட்டும் விலக்கி. 2005இல் மத்தியச் சட்டம் அந்த உரிமையை நாடெங்கும் விரிவாக்கியது. நடைமுறையில் நிகழ்வது வேறு. நிலம் விற்கப்படும் வாரத்தில் அண்ணன் தங்கை வீட்டுக்குப் பட்டுப்புடவையோடு போவான். அவள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவாள். எங்கள் தரகர் அந்த வாரத்தில் தாமும் ஒருமுறை தனியே அந்தப் பெண்ணைப் பார்த்து, எதில் கையெழுத்திடுகிறாள், அந்த நிலத்தின் இன்றைய விலை என்ன என்று சொல்லிவிட்டு வருவார். பெரும்பாலோர், "அண்ணன் உறவு வேணும்" என்று சொல்லிக் கையெழுத்திடுவார்கள். சிலர் தங்கள் பங்கைக் கேட்பார்கள், வியாபாரம் முறியும். "தெரிஞ்சு விட்டுக் குடுத்தா தானம், தெரியாம விட்டுக் குடுத்தா திருட்டு" என்பது அவர் வாக்கு.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வரும்வரை சிற்றூர்ச் சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. அதே ஆண்டில் ரேரா எனப்படும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ்ப் பதிவாகவேண்டிய திட்டங்களை விற்கும் தரகரும் தம் பெயரைப் பதிவு செய்தாகவேண்டும். தவறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம். பல்லவர் வரிப்பட்டியலில் இருந்த தரகை அரசு மீண்டும் கண்டுகொண்டதாக இதைக் கொள்ளலாம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. ஏமாற்றுக்கு இருந்த பல கதவுகள் மூடப்பட்டுவிட்டன. இது நல்லதே.

ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கணினித் திரை புல எண்ணைக் காட்டும். உரிமையாளர் பெயரைக் காட்டும். அடமானம் உண்டா என்று சொல்லும். அந்த நிலத்தை யாரிடமிருந்து எப்படி வாங்கினார்கள், எந்தக் குறிப்பு எந்த மறுபதிவில் விடுபட்டது, கையெழுத்திட்ட தங்கை அன்று என்ன நினைத்தாள் என்பதை அது சொல்லாது. கர்ணத்திடம் அதிகாரமாகவும் தலையாரியிடம் உழைப்பாகவும் தரகரிடம் பிழைப்பாகவும் இருந்துவந்த நினைவு அது. அதைக் கொண்டு மோசடி செய்தவர்கள் பலர்; அதைக் கொண்டு ஓரிடத்தில் நிற்க முடிந்தவர்கள் சிலர். அந்தச் சிலரிடம் வாய்மொழி வரலாற்றாய்வாளர்கள் இன்னும் போகவில்லை. கல்வெட்டுகளைப் படியெடுத்ததுபோல் இவர்களின் பேச்சையும் படியெடுத்து வைக்கவேண்டும். கல் நெடுங்காலம் காத்திருக்கும். இவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.