பங்காரு பாம்பு

பேங்க்ல கணக்கு பார்க்கிறவன் பாம்பைப் பத்தி எழுதறானேன்னு பார்க்காதீங்க. எல்லாம் என் பொண்ணால வந்தது :-)

போன வாரம் இங்கே துபாய் வீட்டுல, ஸ்கூல் ப்ராஜக்ட்டுக்காகத் தென் அமெரிக்கப் பவளப்பாம்பு படத்தை ஒட்டிட்டிருந்தா. சிவப்பும் மஞ்சளும் தொட்டுக்கிட்டிருந்தா விஷம், சிவப்பும் கறுப்பும்னா பயமில்லைன்னு வட அமெரிக்காவுல ஒரு பாட்டு உண்டு. தென் அமெரிக்காவுல அது செல்லாது. அங்கே சிவப்பும் கறுப்பும் தொட்டுக்கிற விஷப்பாம்புகளே நிறைய. "அப்போ எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?"ன்னா. எனக்குக் கோலார் தங்கவயல் ஞாபகம் வந்துடுச்சு.

நான் பிறந்து வளர்ந்தது அங்கே, ஒரு சுரங்க லைன் வீட்டுல. எதிர்வீட்டு மாமா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தரையில பாய் போட்டுப் படுத்தார். ராத்திரி ஏதோ எறும்பு கடிச்ச மாதிரி இருந்துதாம். அப்புறம் வயித்துவலி. விடியறப்போ பாயடியில ஒரு பாம்பு. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கட்டு. "வீக்கமே இல்லையே, இது விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு"ன்னு ஒரு பெரியவர் சொல்லிட்டார். மாமாவுக்குக் கண்ணிமை தொங்கினப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. அவர் திரும்பி வரலை.

அது கட்டுவிரியன். அதன் கடியில வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதல்ல உட்கார்ந்தவங்கள்ல ஒருத்தர் பேட்ரிக் ரஸ்ஸல். ஸ்காட்லாந்து டாக்டர். 1781-ல விசாகப்பட்டினம் வந்தார், 1785-ல கம்பெனியின் இயற்கை ஆய்வாளர் ஆனார். பாம்புகளைச் சேகரிச்சு, நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டு, எது விஷம்னு சோதிச்சார். 1796-ல அவர் புத்தகம் லண்டன்ல வந்தது. கண்ணாடி விரியனுக்கு இங்கிலீஷ்ல அவர் பேர்தான்.

மஞ்சள் கட்டு போட்ட ஒரு விரியனை, அங்கத்திய தெலுங்குப் பேரை வெச்சே 'பங்காரு பாமு'ன்னு எழுதினார். தங்கப் பாம்பு! 1803-ல பிரெஞ்சுக்காரர் தோதின் அதிலிருந்துதான் கட்டுவிரியன் இனத்துக்கே 'பங்காரஸ்'னு பேர் வெச்சார். தங்கம் தோண்டின எங்க ஊர்ல ஆளைக் கொன்ன பாம்பின் பேர்லயும் தங்கம்.

இப்போ அடையாளம். கட்டுவிரியனுக்கு வெள்ளைக் கோடு பெரும்பாலும் ஜோடி ஜோடியா இருக்கும், கழுத்துக்கிட்ட மங்கி வால் பக்கம் தெளிவாகும். முதுகு நடுவுல பெரிய அறுகோணச் செதில்கள். ஓநாய்ப் பாம்புக்குக் கோடு கழுத்துலயே தெளிவா ஆரம்பிச்சு வால் பக்கம் மங்கும், முதுகுச் செதில் பெருசா இருக்காது. ஆனா அரை வெளிச்சத்துல, பதட்டத்துல, இதை யார் பார்க்கிறது?

கள்ள நோட்டுல எங்களுக்குச் சொல்லித் தர்றது ஒண்ணுதான்: ஒரே அடையாளத்தை நம்பாதே. பாம்புக்கும் அதேதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் இந்தியாவுல ஒரே விஷமுறிவு மருந்துதான். டாக்டர் பார்க்கிறது கடிபட்டவரோட அறிகுறியை. பாம்பைத் தேடிப் பிடிச்சுக்கிட்டுப் போகவேண்டிய அவசியமில்லை.

லீவுக்குப் பசங்களோட ஊருக்குப் போறீங்களா? தரையில படுக்கவிடாதீங்க, கொசுவலையை மெத்தைக்கடியில செருகுங்க, ராத்திரி டார்ச் இல்லாம இறங்காதீங்க. கடி பட்டா பட்டிமன்றம் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரி.

பொண்ணு ப்ராஜக்ட்ல கடைசி வரி எழுதிட்டா: 'பாட்டை நம்பாதீங்க.' மார்க் எவ்வளவு வந்ததுன்னு அப்புறம் சொல்றேன்.