மங்கிப்போன லித்தியம்

செல்போன் பேட்டரியில் இருக்கும் லித்தியம், தனியே எடுத்தால் கத்தியால் நறுக்கக்கூடிய மெத்தென்ற உலோகம். காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். இயற்கையில் கிடைக்கும் லித்தியத்தில் நூற்றுக்கு ஏழெட்டு அணுக்கள் மட்டும் எடை குறைந்தவை: லித்தியம்-6. விண்வெளியில் அண்டக் கதிர்கள் கார்பன், ஆக்சிஜன் கருக்களோடு மோதியபோது சிதறிய துண்டுகள் அவை. அப்படியொரு துண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், இயற்பியலாளர் வொல்ஃப்காங் கெட்டர்லேயின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

உலையில் ஆவியாகும் லித்தியம் அணு வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாயும். அதை நிறுத்த எதிரே சிவப்பு லேசர். அணு ஒரு ஃபோட்டானை விழுங்கும், 27 நானோ வினாடியில் துப்பிவிடும். விழுங்கும்போதெல்லாம் ஓர் உதை. வேகத்தில் வினாடிக்குப் பத்து சென்டிமீட்டர் குறையும். பத்தாயிரம் உதைக்குப் பிறகுதான் அடங்கும். அப்புறம் சூடான அணுக்களை மட்டும் தப்பவிடுவார்கள். ஆவி போகப் போக காபி ஆறுகிற கதைதான். 20 மைக்ரோகெல்வினில், குவித்த ஒளிக்கற்றைக்குள் மிச்ச அணுக்களை ஒரு மேகமாக நெருக்கினார்கள்.

இங்கேதான் பிறவிக்குணம் தலைகாட்டியது. மூன்று புரோட்டான், மூன்று நியூட்ரான், மூன்று எலெக்ட்ரான்: ஒன்பது, ஒற்றைப்படை. ஆகவே ஃபெர்மியான். 1925இல் எலெக்ட்ரானுக்காக இயற்பியலாளர் பௌலி சொன்ன விதி இதற்கும் உண்டு: ஒரு நிலையில் ஓர் அணுதான். தேரோட்டக் கூட்டத்தின் நடுவே யாராவது தள்ளினால் நகர முடிகிறதா? எள் போட்டால் விழாத இடத்தில் எங்கே போவது? அணுவும் அப்படித்தான். உதை வாங்கிப் போய்ச் சேர வேண்டிய நிலைகளில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. உதை வாங்க முடியாவிட்டால் ஒளியைச் சிதறடிக்கவும் முடியாது. ஃபோட்டான் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும், மேகம் மங்கித் தெரியும்.

ஒரு நியூட்ரான் கூடினால் லித்தியம்-7. எண்ணிக்கை பத்து, குணமே வேறு, போசான். கூட்டம் சேரச் சேர ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும் இனம். டாக்காவிலிருந்து 1924இல் ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரை அனுப்பிய சத்யேந்திர நாத் போஸின் பெயர் அதற்கு.

ஃபெர்மியான்களின் இந்த மங்கலை 1990 வாக்கிலேயே ஊகித்திருந்தார்கள். கண்ணால் காண 2021 ஆயிற்று. எம்.ஐ.டி. அணுக்கள் 38 சதவீதம் மங்கின. விளிம்பில் இருந்தவற்றுக்கு நகர இடம் கிடைத்ததால் முழுதும் அணையவில்லை. அதே சமயம் கொலராடோவின் ஜிலா ஆய்வகத்தில் ஸ்ட்ரான்ஷியமும், நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் பொட்டாசியமும் அப்படியே நடந்துகொண்டன. எனக்கு அந்த 38ஐவிட இந்த மூன்று சாட்சிகள்தான் பெரிது.

அளவெடுத்து முடிந்ததும் பிடித்துவைத்த லேசரை அணைப்பார்கள். மேகம் கலையும். அணு வெற்றிடக் கலத்தின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.