சைவப் பிரசங்கத்திலிருந்து சங்க மேடைக்கு: தமிழில் தொழிலாளர் சொற்பொழிவின் உருவாக்கம், 1847–1926

முன்னுரை

ஆலை வாசலில் கூட்டம் கூட்டி, குறைகளை எடுத்துச் சொல்லி, தீர்மானம் போட்டுக் கலைவது இன்று தொழிற்சங்கங்களின் அன்றாட வழக்கம். இவ்வழக்கத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தமிழ் மேடைப்பேச்சின் வேர் கிறித்தவச் சமய உரையில் இருப்பதாகவும், சுதேசி இயக்கக் காலத்தில் அது அரசியல் வடிவம் பெற்றதாகவும் மானுடவியலாளர் பெர்னார்ட் பேட் விளக்கியுள்ளார். அம்முடிவை ஏற்றுக்கொண்டு இக்கட்டுரை ஒரு படி மேலே செல்கிறது. சமயப் பிரசங்கம் கேட்பவரிடம் நம்பிக்கையை எதிர்பார்த்தது. தொழிலாளர் மேடை கேட்பவரிடம் மறுநாள் செய்ய வேண்டிய ஒரு செயலை எதிர்பார்த்தது. பேச்சு செயலாக மாறிய இந்தத் திருப்பத்தை அரசும் முதலாளிகளும் உடனே உணர்ந்துகொண்டதற்கு நீதிமன்ற ஆவணங்களே சான்று.

வண்ணார்பண்ணைத் தொடக்கம்

யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த பாதிரியார் பீட்டர் பெர்சிவலிடம் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றிய ஆறுமுக நாவலர், சபையோரை முன்னால் அமர்த்தி ஒரு பொருளை உரைநடையில் விரித்துச் சொல்லும் முறையை அருகிருந்து கண்டவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அம்முறையிலேயே தம் முதல் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது. பாடலுக்கு உரை சொல்லும் புராண படனம் முன்பே இருந்தது. குறித்த நாள், குறித்த பொருள், கேட்போர் நடத்தையைத் திருத்தும் நோக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தது இங்குதான் புதிது.

நாவலர் மரபைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. சைவர்களுக்குள் நடந்த அருட்பா–மருட்பா விவாதத்தில் நாவலர் பக்கம் நின்று மேடையேறியவர். அவரிடம் தமிழும் சைவமும் பயின்ற மாணவரே பின்னாளில் பெரம்பூர்த் தொழிலாளர்முன் நின்ற திரு.வி. கலியாணசுந்தரனார். இந்த ஆசிரிய–மாணவத் தொடர்ச்சி, தொழிலாளர் மேடைக்கும் பிரசங்க மேடைக்குமான உறவை வெறும் ஒப்புமையாக விட்டுவிடாமல் வரலாறாக்குகிறது.

தூத்துக்குடி, 1908

சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் மேடை நெடுங்காலம் ஆங்கில மேடையாகவே இருந்தது. 1907இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய புகழ்பெற்ற உரைகளும் ஆங்கில உரைகளே. மறு ஆண்டே தூத்துக்குடியில் நிலை மாறியது. சுதேசி இயக்கத்தவரான சுப்பிரமணிய சிவாவும் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் கடற்கரைக் கூட்டங்களில் தமிழில் பேசினர். ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில் தொழிலாளர்கள் அவற்றுக்குத் திரண்டு வந்தனர். பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வும் வார விடுமுறையும் முதன்மைக் கோரிக்கைகள்.

இங்கே பேச்சு தனித்து நிற்கவில்லை. வேலைக்குச் செல்லாதவர்களின் பிழைப்புக்கு வ.உ.சி. பணம் திரட்டினார், மாற்று வேலைக்கும் ஏற்பாடு செய்தார். நிறுவனத்தின் பக்கம் நின்றவர்களுக்கு முடிதிருத்துவோர் சவரம் செய்ய மறுத்தனர். மேடையில் சொன்னதை ஊர் தன் வழியில் நிறைவேற்றியது. பட்டினி கிடக்க நேராது என்ற உறுதி இருந்ததால்தான் ‘வேலைக்குப் போகாதே’ என்ற சொல் எடுபட்டது. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது; கூலி உயர்ந்தது.

மார்ச் 12 அன்று இருவரும் கைதாகினர். மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி வெடித்தது, ஆ.இரா. வேங்கடாசலபதி அதன் விரிவான வரலாற்றை எழுதியுள்ளார். கூட்டங்களில் போலீசார் எடுத்த குறிப்புகளே வழக்கில் முக்கியச் சாட்சியங்களாயின. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே, சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் விதித்தார். வ.உ.சி. மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று, சிவாவுக்கு இடமளித்து உதவினார் என்பது. பேசியவரோடு பேச்சுக்கு இடம் தந்தவரும் குற்றவாளியானார். மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன.

பெரம்பூர், 1918

பத்தாண்டுக்குப் பின் பிரசங்க மரபு பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளரை எட்டியது. கோ. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபையை நடத்திவந்தனர். தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்க அங்கே கூடினர். கேட்டு முடிந்ததும் ஆலைக் குறைகளைப் பேசினர். கூடிக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது. பேசுபொருள் மட்டுமே மாற வேண்டியிருந்தது.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. தலைவர் பி.பி. வாடியா, அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தவர், தமிழ் அறியாதவர். அவருடைய ஆங்கில உரைகள் மொழிபெயர்க்கப்பட்டே தொழிலாளரைச் சென்றடைந்தன. பின்னர் ‘லேபர் இன் மெட்ராஸ்’ என்ற நூலாகவும் வந்தன. உச்சிவேளை இடைவேளையின் குறுகிய நேரம், மேஸ்திரிகளின் கெடுபிடி, கூலி என்று தொழிலாளர் தாமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விவரங்களே அவற்றின் பலம். கேட்பவர் நேற்று அனுபவித்ததைச் சொல்லும் பேச்சுக்கு வேறு மெய்ப்பிப்பு தேவைப்படவில்லை.

திரு.வி.க.வின் பங்கு வேறு. ‘தேசபக்தன்’ இதழில் தூய, எளிய அரசியல் தமிழை வளர்த்துக்கொண்டிருந்த அவர், அதே நடையைச் சங்க மேடைக்கும் கொண்டுவந்தார். சைவ மேடையில் அன்பையும் அறத்தையும் பேசிப் பழகிய நடை, கூலிக் கணக்கை அறநெறிக் கேள்வியாக மாற்றியது. குறைகளை விவரமாக அடுக்கியது ஒரு குரல். அக்குறைகள் ஏன் அநீதி என்று உணர்த்தியது மற்றொன்று.

தடையாணையும் சட்டமும்

1920 இறுதியில் ஆலை மூடப்பட்டது. ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று கூறி, வாடியாவுக்கும் சங்கத் தலைவர்களுக்கும் எதிராகத் தடையாணை பெற்றது, இழப்பீடும் கோரியது. வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகியதோடு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால் மாற்றம் தெளிவாகிறது. 1908இல் பேச்சு அரசுக்கு எதிரான குற்றம். வழக்குத் தொடுத்தது அரசு. 1920இல் பேச்சு வணிக இழப்புக்குக் காரணம். வழக்குத் தொடுத்தது ஆலை. சொற்பொழிவால் நின்றுபோன உற்பத்திக்கு முதலாளியே விலை குறித்தார். பேச்சின் ஆற்றலுக்கு எதிர்த்தரப்பே தந்த அத்தாட்சி அது.

பின்னி வழக்கின் அதிர்ச்சி சென்னையோடு நிற்கவில்லை. 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1926இல் நிறைவேறிய இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, தொழில்தகராறில் ஒப்பந்த மீறலைத் தூண்டியதாகப் பதிவுபெற்ற சங்கத்தின்மீது உரிமையியல் வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது.

முடிவுரை

கோயில் மண்டபம், கடற்கரை, சபை, சங்கம் என்று இடம் மாறியபோதெல்லாம் முந்தைய மேடையின் பழக்கங்கள் அடுத்த மேடைக்கு முதலாயின. பேச்சாளரின் நாவன்மையை மட்டும் ஆராய்ந்தால் இதன் பாதிதான் தெரியும். சோற்றுக்கு ஏற்பாடு, சரிபார்க்கத்தக்க விவரம், கூடிக் கேட்டுப் பழகிய சபை ஆகியவையே அப்பேச்சுக்கு வலுவூட்டின. 1923 மே முதல் நாள் பொதுவுடைமையாளர் சிங்காரவேலர் சென்னையில் நடத்திய மே தினக் கூட்டங்களில் சிறைமீண்ட சுப்பிரமணிய சிவாவும் பங்கேற்றது இத்தொடர்ச்சியின் மற்றோர் அடையாளம்.

சட்டம் தந்த பாதுகாப்புக்கும் எல்லை இருந்தது. அது இழப்பீட்டு வழக்குக்குக் கதவடைத்தது; ஆனால் குற்றம் புரியச் சதி செய்ததான வழக்குக்கும் இராஜதுரோக வழக்குக்கும் அடைக்கவில்லை. 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தை ஒட்டி சிங்காரவேலர் தண்டிக்கப்பட்டபோது, ஆலை முதலாளி இழந்த ஆயுதம் அரசின் கையில் அப்படியே இருந்தது தெரியவந்தது.