பிறந்த மண்ணும் தந்தை வழியும்

ஒருவன் எந்நாட்டவன் என்னும் கேள்விக்கு உலகத்துச் சட்டங்கள் பொதுவாக இரண்டு விடைகளையே கூறி வந்திருக்கின்றன. பிறந்த மண்ணைக் கொண்டு முடிவு செய்வது ஒன்று. பெற்றோரின் குடிமையைக் கொண்டு முடிவு செய்வது மற்றொன்று. அரசனின் ஆணை செல்லும் நிலத்திற் பிறந்தவன் அரசனின் குடியாவான் என்று ஆங்கில நீதிபதிகள் 1608ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தனர். ஆங்கிலேயர் சென்ற நாடுகளுக்கெல்லாம் அந்த விதியும் உடன் சென்றது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிற் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் வொங் கிம் ஆர்க். அவர் சீனா சென்று 1895ஆம் ஆண்டில் மீண்டபோது, அவர் அமெரிக்கரல்லர் என்று கூறித் துறைமுக அதிகாரிகள் தடுத்துவிட்டனர். அன்றைய சட்டப்படி அவருடைய பெற்றோர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அமெரிக்கக் குடிகளாக முடியாது. ஆயினும் அம்மண்ணிற் பிறந்த மகன் அமெரிக்கரே என 1898ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

அவ்வளவு தூரம் போவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் நாட்டிலும் 1948 வரை அதே விதி நிலவியது. ஹற்றனிலோ பதுளையிலோ பிறந்த குழந்தை, அதன் தந்தை திருச்சியிலிருந்து வந்தவராயினும், பிரித்தானிய முடியின் பிரஜையாகவே பிறந்தது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களின் வழித்தோன்றல்கள், 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ஏறக்குறைய 7,80,000 பேராகப் பெருகியிருந்தனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு உறுப்பினர் பாராளுமன்றம் சென்றனர்.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. அத்தேதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமாயின், அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும். அத்தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறக்கும் குழந்தைக்கு வேறொரு விதி: அது பிறக்கும் வேளையில் தந்தை இலங்கைப் பிரஜையாக இருத்தல் வேண்டும். கேட்பதற்கு எளிதாகவே தோன்றும் இவ்விரு விதிகளும் ஒரு குடும்பத்துக்குள் நுழைந்தால் என்ன செய்யும் என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டினாற் பார்ப்போம்.

பெரியவர் ஒருவர் திருச்சிப் பகுதியிற் பிறந்து இளமையிலேயே தோட்டத்துக்கு வந்தவர். அவர் மனைவிக்குத் தலைப்பிரசவம் 1915இல். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம்மவர் வழக்கமல்லவா? தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடி சென்று, மூத்த மகனை ஊரிற் பெற்று, சில மாதங்களிற் குழந்தையோடு திரும்பினார் அந்த அம்மையார். இளைய மகன் 1918இல் தோட்டத்து லயத்திலேயே பிறந்தான். இருவரும் ஒரே பெரட்டுக் களத்திற் பெயர் கொடுத்து வளர்ந்தார்கள். இருவரும் மணம் செய்தார்கள்.

மூத்தவரின் மகன் 1938இல் இலங்கையிற் பிறக்கிறான். அவனுடைய தந்தை பிறந்தது இந்தியாவில். ஆகவே அவன் பிரஜையல்லன். இளையவரின் மகன் 1946இல் அடுத்த காம்பராவிற் பிறக்கிறான். அவனுடைய தந்தை பிறந்தது இலங்கையில், அவன் பிரஜை. ஆனால் அந்த இளையவர் தாம் பிரஜையா? அல்லர். ஏனெனில் அவருடைய தந்தையான பெரியவர் பிறந்தது திருச்சியில். மகன் பிரஜை, தந்தை பிரஜையல்லர். இனி 1949இல் அதே இளையவருக்கு இன்னொரு மகன் பிறக்கிறான். இப்போது தந்தை பிறந்த இடம் கேட்கப்படுவதில்லை. தந்தை பிரஜையா என்பதே கேட்கப்படுகிறது. தந்தை வேறு வழியிற் பிரஜாவுரிமை பெற்றிருந்தாலன்றி, தம்பி பிரஜையாகான். ஒரே தாய் வயிற்றில், ஒரே கூரையின் கீழ் மூன்றாண்டு இடைவெளியிற் பிறந்தவர்களுள் அண்ணன் இந்நாட்டவன், தம்பி எந்நாட்டவனுமல்லன்!

அச்சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. பெற்றோர் இன்னார் என்று அறிய வழியின்றிக் கைவிடப்பட்ட நிலையில், இலங்கையிற் கண்டெடுக்கப்படும் பச்சிளங் குழந்தை, மறுதலை நிரூபிக்கப்படும் வரை வம்சாவழிப் பிரஜையாகவே கருதப்படும். மனிதத்தன்மை வாய்ந்த ஏற்பாடு என்று அதனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும், தந்தை யாரென்றே தெரியாத குழந்தைக்கு மண் கைகொடுக்கிறது. தந்தை யாரென்று தெரிந்த தோட்டத்துக் குழந்தைக்கு அதே மண் கைவிரிக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போது மனம் சற்றுத் தயங்கவே செய்கிறது.

தகுதி உள்ளவர்களுக்கும் அதனை நிரூபிப்பது எளிதாக இருக்கவில்லை. பாட்டனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எங்கே தேடுவது? நகரத்துக் கனவான்களுட் பலரே அதனைக் காட்ட முடியாதிருந்த காலம் அது. ஆனால் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

வம்சாவழியில் வர இயலாதவர்களுக்கென 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டுச் சென்றிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்ததாகும். ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள், 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகச் செய்யப்பட்டன. இறுதியிற் பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. இதனிடையே வாக்குரிமையும் பிரஜைகளுக்கே உரியதென 1949இல் ஆக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதியாக ஒருவரேனும் தெரிவு செய்யப்படவில்லை.

வழக்கும் நடந்தது. வாக்காளர் இடாப்பில் இடம் மறுக்கப்பட்ட கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கில், இச்சட்டங்கள் ஓரினத்தை மட்டும் பாதிப்பதால் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று வாதிக்கப்பட்டது. அவ்வாதத்தை 1951இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை; 1953இல் கோமறைக் கழகமும் ஏற்கவில்லை. தன் பிரஜைகள் யாவர் என்று வகுப்பது எந்தச் சட்டசபைக்கும் உரிய அதிகாரம் என்றது அக்கழகம். சட்ட நோக்கில் அதிற் பொருளுண்டு. ஆனால் அம்மக்களின் இடம்பெயரும் வழக்கத்தையும் தீர்ப்பு குறிப்பிட்டது. லயத்திற் பிறந்து லயத்திலேயே வளர்ந்த பிள்ளை எங்கிருந்து எங்கு இடம்பெயர்ந்தது என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

இந்தியாவோ, பாட்டன் பாட்டியர் பிறந்த நாடென்ற தொடர்பைக் காட்டி விண்ணப்பிப்போரைப் பதிவு செய்ய இடமளித்தது; தானாகவே எவரையும் தன் பிரஜையாக்கவில்லை. ஆகவே விண்ணப்பம் செய்யாதவரும், செய்து தோற்றவரும் இரு நாட்டுக்குமிடையே நின்றனர். 1964 அக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, நாடற்றோரை 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இனிப் பிறக்கும் குழந்தைகள் பெற்றோரின் பங்கோடு சேர்த்தெண்ணப்படுவர். விண்ணப்பம் கோரப்பட்டபோது, இலங்கையை நாடியோர் தொகை ஒதுக்கப்பட்ட 3 லட்சத்தைப் போல் இரு மடங்கையும் தாண்டியது.

இந்தியா சென்றவர்களுட் சிலர் நீலகிரியின் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். இங்கே இந்தியாக்காரன் என்று சுட்டப்பட்ட பிள்ளைக்கு அங்கே சிலோன்காரன் என்று பெயர். 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றபோது, இந்தியப் பிரஜாவுரிமை பெற்றும் புறப்படாதோர் பலர் தோட்டங்களிலேயே தங்கிவிட்டனர். அவர்களுக்கும் இங்கேயே பிள்ளைகள் பிறந்தனர்.

1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் நாடற்றோர் பலருக்கு வழி திறந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமோ கேள்வியையே மாற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரா, அல்லது அத்தகையவரின் வழித்தோன்றலாய் இங்கு வாழ்பவரா என்பதே அது கேட்டது. ஏறக்குறைய 1,90,000 பேர் அதன் பயனைப் பெற முன்வந்தனர். அதே 2003ஆம் ஆண்டில் மூலச்சட்டமும் திருத்தப்பட்டது. மணவாழ்விற் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பிரஜாவுரிமையை 1948இன் சட்டம் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. அத்திருத்தத்தின் பின்னர், தாய் இலங்கைப் பிரஜையாயின் அவள் பிள்ளையும் இலங்கைப் பிரஜையே.