மீன் இல்லாத சுஷியும் ஒயின் இல்லாத விந்தாயும்

சென்ற வாரம் காலை நடை முடித்து, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நாங்கள் நான்கு பேர் வழக்கம்போல உட்கார்ந்திருந்தோம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அன்று கொஞ்சம் சூடாக இருந்தார். முதல் நாள் அவருடைய பேத்தி அவரை ஒரு புதிய ஓட்டலுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அங்கே சுஷி என்று கொண்டுவந்து வைத்ததைப் பிரித்துப் பார்த்தால் சோறு, நடுவில் வெள்ளரிக்காய், சுற்றிலும் கடற்பாசித் தாள்.

"மீனே இல்லைய்யா! மீன் இல்லாம என்ன சுஷி? கறி இல்லாத பிரியாணி மாதிரி!" என்றார்.

"வெஜிடபிள் பிரியாணின்னு ஊர் முழுக்க விக்கிறானே, அதை என்ன பண்ணுவீங்க?" என்று இன்னொருவர் கேட்க, எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும்போது மனம் வேறு ஓர் இடத்தில் போய் நின்றுவிட்டது. இதே கேள்வியை நான் ஒருமுறை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டு, ஒரு பெண்ணின் மனத்தைப் புண்படுத்தியிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சுஷியின் கதை. அந்தச் சொல்லின் வேரில் மீன் கிடையாது. பழைய ஜப்பானிய மொழியில் 'புளிப்பானது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். ஆதியில் அது ஒரு பதப்படுத்தும் முறை. மீனுக்கு உப்பிட்டு, வெந்த சோற்றுக்குள் புதைத்து, மேலே பாரம் வைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மீனைக் கெடாமல் காக்கும். சாப்பிடும்போது குழைந்துபோன சோற்றை வழித்தெறிந்துவிட்டு மீனை மட்டும் உண்பார்கள். ஜப்பானில் பிவா ஏரிக்கரையில் இன்றும் ஒரு வகை ஏரி மீனை இப்படிச் செய்கிறார்கள்; 'ஃபுனாசுஷி' என்று பெயர். நெல் விளையும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து இந்த முறை அங்கே போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பின்னால் வந்தவர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சோறு முழுவதும் குழைவதற்கு முன்பே எடுத்து, மீனோடு சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். அதற்குப் பின் வந்தவர்களுக்கு அந்தப் பொறுமையும் இல்லை. புளிக்கும்வரை காத்திருப்பானேன் என்று சோற்றில் நேரடியாக வினிகரை ஊற்றிக் கலந்தார்கள். இன்று நமக்குத் தெரிந்த, கையில் பிடித்த சோற்றின்மேல் மீன் துண்டு வைக்கும் சுஷி, 1820களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், பரவியது. ஹனயா யோஹேய் என்ற கடைக்காரரின் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்.

ஆக, முதலில் சோறு குப்பைக்குப் போனது, மீன் நின்றது. பிறகு சோறு தட்டுக்கு வந்தது, காத்திருந்த மாதங்கள் போயின. கடைசியில் மீனும் போய், வெள்ளரிக்காய் வந்தது. அந்த வெள்ளரிக்காய்ச் சுஷி நம் ஊர் ஓட்டல்காரர் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானிலேயே அதற்கு 'கப்பா மாகி' என்று தனிப் பெயர் உண்டு. வெள்ளரிக்காய்மேல் ஆசை கொண்ட 'கப்பா' என்ற நீர்ப்பூதத்தின் பெயர் அது. பொரித்த சோயாக் கட்டியைப் பைபோல விரித்துச் சோற்றை அடைத்த 'இனாரி' வகையும் பழையதுதான். அதிலும் மீன் இல்லை. எல்லாவற்றிலும் விடாமல் கூடவே வந்தது புளிப்பு ஒன்றுதான். பெயரும் அதற்கு உரியதே.

இதில் நாம் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய்கூட என்கிறோம், எள் எங்கே? ஊறுகாயில் காய் இருக்கிறது. மீன் ஊறுகாயில் காய் எங்கே? யாரும் கேட்பதில்லை. ஊறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். புதுச்சேரியின் கிரியோல் குடும்பங்களிலும், எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றிலும் கிறிஸ்துமஸுக்கு 'விந்தாய்' வைப்பார்கள். பன்றிக்கறியில் பூண்டை அள்ளிப் போட்டு, மிளகாய், சீரகம், கடுகு, மஞ்சள் அரைத்துக் காடியில் ஊறவைத்துச் செய்வது. பல ஊர்களில் விண்டாலூ என்று அறியப்படுவதன் தங்கை. இரண்டுக்கும் தாய் போர்த்துக்கீசியர்களின் 'வின்யா தாலோஸ்'. ஒயினிலும் பூண்டிலும் ஊறவைத்த கறி. பெயரிலேயே இருப்பவை ஒயினும் பூண்டும்தான். கறி எது என்று அந்தப் பெயர் சொல்வதில்லை.

கோவாவில் திராட்சை ஒயினுக்கு எங்கே போவது? தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடி அந்த இடத்துக்கு வந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மிளகாயும் சேர்ந்தது. பிறகு வடக்கே, பெயரில் 'ஆலு' இருக்கிறதே என்று உருளைக்கிழங்கைப் போட்டவர்களும் உண்டு. நம் ஊரில் போர்த்துக்கீசிய வழிவந்த கலப்பினத்தவர்களைத் தொப்பாஸ் என்பார்கள். பிரெஞ்சுக் கம்பெனியின் படையிலும் அவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்பிலிருந்துதான் இது நம் அடுப்புக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இன்னொரு தீவு மொரீஷியஸ். நம் புதுச்சேரியிலிருந்து 18ஆம் நூற்றாண்டிலேயே கொத்தனார்களும் தச்சர்களும் அங்கே போனார்கள். அங்கே இதே உணவுக்குப் பெயர் 'வெந்தாய்'. ஆனால் அங்கே பெரும்பாலும் அது மீனில் செய்வது. பொரித்த மீனைக் கடுகு, மஞ்சள், வெங்காயம், வினிகரில் புரட்டி வைத்திருந்து, ஆறிய பிறகு சாப்பிடுகிறார்கள். ஆக்டோபஸிலும் செய்வார்கள். ஒயினும் இல்லை, பன்றியும் இல்லை. அது விந்தாய் இல்லை என்று போர்ட் லூயிஸில் போய்ச் சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் நம் ஊரிலேயே இருக்கிறது. அதுதான் வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் இடித்துப் பிசறி, பகலில் சித்திரை வெயிலில் காயவைத்து, இரவில் மறுபடி சட்டிக்குள் வைத்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள்கணக்கில் எங்கள் வீட்டு மாடியில் காயும். அந்தத் தெருவே மணக்கும். இது பிரான்சுக்குப் போய் 'வதுவான்' ஆனது. இப்போது பெரிய சமையற்காரர்களெல்லாம் கொண்டாடுகிறார்கள். பாரிஸிலிருந்து உறவினர் ஒருவர் ஒரு புட்டி கொண்டுவந்து தந்தார். வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் எல்லாம் இருந்தன. ஆனால் அடுப்பில் உலர்த்தியது. வெயில் இல்லை, இரவில் சட்டிக்குள் புளித்துக் கிடந்த அந்த நாள்கள் இல்லை. தாளித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, வடகமாக இல்லை.

பொருள் ஒன்று குறைந்தும் சுஷி சுஷியாகவே இருக்கிறது. பொருள் எல்லாம் இருந்தும் வதுவான் வடகம் ஆகவில்லை. அப்படியானால் ஓர் உணவின் பெயர் எதில் இருக்கிறது? உள்ளே என்ன போட்டோம் என்பதைவிட, அதை என்ன செய்தோம் என்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நண்பர் விடமாட்டார்: "சோறு புளிக்கக் காத்திருக்காம வினிகர் ஊத்தினதும் குறுக்கு வழிதானே?" என்பார். ஒத்துக்கொள்கிறேன். கோடு எங்கே என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அந்தக் கோடு மீனில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இனி நான் சொல்லவேண்டிய விஷயம். எங்கள் குடும்பத்தில் விந்தாய் என்றால் அத்தை. சம்பா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார். மூன்று நாள் முன்னதாகவே கறியைப் பீங்கான் ஜாடியில் ஊறப்போட்டு, வெள்ளைத் துணியால் கட்டிவைப்பார். யாரும் தொடக்கூடாது. அத்தை போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் மருமகள் விந்தாய் வைத்தாள். அவள் பிறந்த வீடு சைவம். எங்கள் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை, கையால் கறி தொட மட்டும் முடியாது. அத்தையிடம் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைத்திருந்தாளாம். பிஞ்சுக் கத்தரிக்காயைக் கீறிப் பொரித்து, அத்தையின் அதே ஜாடியில், அதே காடியில், அதே பூண்டில், மூன்று நாள் ஊறவைத்திருந்தாள்.

விருந்தாளிகள் எதிரில் நான் சொன்னேன்: "குழம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது விந்தாய் இல்லைம்மா." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அதை வைக்கவே இல்லை. அத்தையின் ஜாடி பரண்மேல் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் விந்தாய் என்ற பேச்சும் நின்றுவிட்டது.

அத்தையின் விந்தாயில் ஒயின் இருந்ததே இல்லை. அதை அவரிடம் யாரும் குறையாகச் சொன்னதில்லை. கறி இல்லை என்ற குறையை மட்டும் நான் எப்படிச் சொன்னேன்? சமைக்கத் தெரிந்த அத்தை போய்விட்டார். செய்முறையை வாங்கி வைத்திருந்தவள் ஒருத்திதான். அவளையும் நான் நிறுத்திவிட்டேன்.

நேற்றுக் காலை அடுப்படிக்குப் போய், இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்தக் கத்தரிக்காய் விந்தாயை வைக்கிறாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "ஜாடியை நீங்களே இறக்கித் தாங்க மாமா. காடி நல்லதா பாத்து வாங்கிட்டு வாங்க."

ஜாடியை இறக்கிக் கழுவி வைத்துவிட்டேன். கடற்கரை நண்பர்கள் மூவரும் இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடவேண்டும். சுஷி சாப்பிட்டவர் கட்டாயம் வரவேண்டும்.