ஒட்டுக் கேட்ட பாஷை

ஒண்டுக் குடித்தன வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. கிணறு ஒன்று, முற்றம் ஒன்று, வாசற்கதவும் ஒன்றுதான். ஆனால் முன்கட்டுக்காரருக்கும் பின்கட்டுக்காரருக்கும் வருஷக் கணக்காகப் பேச்சு வார்த்தை இராது. கம்ப்யூட்டர்களின் சரித்திரத்திலும் அப்படி ஒரு காலம் இருந்தது.

ஒரு கட்டடத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரே கம்பியில் கோக்கும் வித்தை 1973-லேயே பிறந்துவிட்டது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் அந்த வருஷம் மே மாதம் அதற்கு ஈதர்நெட் என்று பெயர் சூட்டிக் குறிப்பு எழுதினார். கம்பிதான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். கம்பி சத்தத்தைத்தான் கொண்டுபோகும், அர்த்தத்தைக் கொண்டுபோகாது. "உன் வட்டில் இருக்கும் இந்தப் பைலைத் திற, அதில் இவ்வளவு படித்துக் கொடு, நான் எழுதி முடிக்கும் வரையில் வேறு யாரையும் கைவைக்க விடாதே" என்று ஓர் இயந்திரம் இன்னொன்றைக் கேட்பதற்கு ஒரு பாஷை வேண்டும் அல்லவா?

அந்தப் பாஷைகள் 1980-களில் கிளம்பின. சன் கம்பெனி 1984-ல் யூனிக்ஸ் இயந்திரங்களுக்காக என்.எஃப்.எஸ். என்று ஒன்றை வகுத்து, அதன் இலக்கணத்தையும் ஊரறிய வெளியிட்டுவிட்டது. ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் என்பவர் வகுத்த எஸ்.எம்.பி. என்ற பாஷையை மைக்ரோசாப்ட் எடுத்து வளர்த்தது. வளர வளர அதன் இலக்கணம் பெட்டிக்குள்ளே போயிற்று.

இவ்வாறிருக்க, 1991-ன் கடைசியில், ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரத்தில், தேசியப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். டிஜிட்டல் கம்பெனியின் புரோகிராம் ஒன்றை அவர் உபயோகிக்க வேண்டியிருந்தது. அதற்குத் துணையாக வந்த மென்பொருள் பேசிய பாஷை, அவரிடமிருந்த சன் இயந்திரத்துக்குப் புரியவில்லை. மனிதர் என்ன செய்தார்? அந்தப் பாஷை தெரிந்த இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே ஒரு சிறு புரோகிராமை உட்கார வைத்து, அவை பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்டார். இன்ன கேள்விக்கு இன்ன பதில் என்று ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு, அதே பாஷை பேசும் புரோகிராமைத் தாமே எழுதி, 1992 ஜனவரியில் ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டார். தாம் கற்றது மைக்ரோசாப்ட் பேசும் பாஷை என்பதே அப்போது அவருக்குத் தெரியாது!

இதைத் திருட்டு என்று சொல்வோரும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே தெலுங்கு கற்றுக்கொண்ட மாமிகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்கள் யாருடைய சொத்தை அபகரித்தார்கள்?

அப்புறம் ஏறக்குறைய இரண்டு வருஷம் அவர் அதைத் தொடவில்லை. வீட்டில் மனைவியின் விண்டோஸ் கம்ப்யூட்டரையும் தம்முடைய லினக்ஸ் கம்ப்யூட்டரையும் இணைக்க நினைத்தபோது, பழைய புரோகிராமை ஓட்டிப் பார்த்தார். வேலை செய்தது! அவருக்கே ஆச்சரியம். 1994-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி, 'எஸ்.எம்.பி. சர்வர்' என்ற பெயர் தனக்குச் சொந்தம் என்று ஆட்சேபம் தெரிவித்தது. எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்தும் அந்த வரிசையில் வரும் வார்த்தைகளைக் கம்ப்யூட்டர் அகராதியில் தேடச் சொன்னார் டிரிட்ஜெல். சால்மன்பெர்ரி என்ற பழத்தின் பெயர்கூட வந்தது. நல்ல வேளை, அவர் 'சாம்பா' என்ற பிரேஸில் நாட்டு நடனத்தைத் தேர்ந்தெடுத்தார். நமக்கு என்னவோ சீரகச் சம்பாதான் ஞாபகம் வருகிறது.

சாம்பா வந்ததும் ஆபீஸ்களில் ஒரு மாறுதல் உண்டாயிற்று. விலையில்லாத லினக்ஸ் இயந்திரம் ஒன்றை மூலையில் வைத்து, எல்லோருடைய பைல்களையும் அதில் போட்டார்கள். மேஜைகளில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அதையும் தங்கள் ஜாதி என்றே நம்பின. ஆனால் புது விண்டோஸ் வரும்போதெல்லாம் பாஷையில் புதுச் சொற்கள் சேரும். சாம்பா கோஷ்டி மறுபடியும் சுவரில் காதை வைக்க வேண்டும்.

1998-ல் சன் கம்பெனி ஐரோப்பியக் கமிஷனிடம் புகார் செய்தது. 2004 மார்ச்சில் கமிஷன் மைக்ரோசாப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, இயந்திரங்களுக்கு இடையிலான பேச்சின் இலக்கணத்தைப் போட்டியாளர்களுக்கு வெளியிடவும் உத்தரவிட்டது. மறு மாதமே, புகார் செய்த சன் கம்பெனி மைக்ரோசாப்டுடன் ராஜியாகப் போய்விட்டது! கோடிகளுக்கு அந்தச் சக்தி உண்டு. காசு பணமில்லாத சாம்பாக்காரர்களோ ஐரோப்பியச் சுதந்திர மென்பொருள் சங்கத்துடன் சேர்ந்து, கமிஷன் பக்கம் நின்று, வழக்கை விடாமல் நடத்தினார்கள். 2007 செப்டம்பர் 17-ந் தேதி லக்ஸம்பர்க் நீதிமன்றத்தில் மைக்ரோசாப்ட் தோற்றது.

அந்த வருஷம் டிசம்பரில் இலக்கணம் கைக்கு வந்தது. ஒரே ஒரு தடவை கட்ட வேண்டிய பத்தாயிரம் யூரோவை ஓர் அறக்கட்டளை கட்டிற்று. 2011 அக்டோபரில் சாம்பா கோஷ்டிக்குச் சில வரிகள் புரோகிராம் தபாலில் வந்தன. திருத்தி அனுப்பியிருந்தவர் மைக்ரோசாப்ட் கம்பெனி உத்தியோகஸ்தர்.